சிறுகுறிஞ்சான் மூட்டையும் கெம்பக்காவும்

சென்ற வியாழக்கிழமை காலை, கிருஷ்ணகிரியில் நான் பாடம் நடத்தும் கல்லூரியில் மாணவிகளுக்கு நுண்ணோக்கியில் இலைத் துண்டுகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். கைபேசி மூன்று முறை அதிர்ந்தது. வகுப்பு முடிந்து எடுத்துப் பார்த்தால் முனிராஜ். ஓசூரில் நான் முன்பு வேலை பார்த்த மூலிகைப் பொடித் தொழிற்சாலையில் ஸ்டோர் பொறுப்பாளர். காரணமில்லாமல் அழைக்கிறவர் அல்ல.

"அக்கா ஹோக்பிட்ரு மேடம்," என்றார். பதற்றம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் முதலில் வரும். சற்றுப் பொறுத்துத் தமிழுக்கு வந்தார். "போயிட்டாங்க மேடம், நம்ம கெம்பக்கா. காலைல டீ குடிச்சுட்டு உக்காந்திருந்தாங்களாம். பொண்ணு வேலைக்குக் கிளம்பறப்ப கூப்பிட்டிருக்கு, பதில் இல்ல. மலைக்குத்தான் கொண்டுபோறாங்க. நீங்க வர்றதா இருந்தா ராயக்கோட்டை வழியா வந்துடுங்க. நான் தேன்கனிக்கோட்டைல நிக்கறன்."

நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணாடித் தகடுகளைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, "யாருங்க மேடம், சொந்தமா?" என்று கேட்டாள். "கூட வேலை பார்த்தவங்க," என்றேன். கெம்பக்காவுக்கு அந்தப் பதில் போதாது என்று பேருந்தில் ஏறிய பிறகு தோன்றியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆதார் அட்டையில் அவர் பெயர் கெம்பம்மாள். பிறந்த தேதி ஜனவரி ஒன்று. அது யாரோ ஓர் அலுவலர் முகத்தைப் பார்த்து, வயதைக் குத்துமதிப்பாகக் கணக்கிட்டு எழுதியது. அஞ்செட்டிக்கு மேலே, காட்டை ஒட்டிய ஓர் இருளர் குடியிருப்பில் பிறந்தவர். கணவர் இறந்த பிறகு, ஓசூரில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்த மகள் சிவம்மாவோடு வந்து தங்கினார். எங்கள் தொழிற்சாலைக்கு அவர் வந்தது மூலிகை தெரிந்தவராக அல்ல. ஒப்பந்தக்காரர் அனுப்பிய துப்புரவுப் பணியாளராக, நீல நிறச் சேலையில், கையில் துடைப்பத்தோடு வந்தார்.

நான் அப்போது தரப் பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்த கெமிஸ்ட். லாரியில் வந்து இறங்கும் வேர், இலை, பட்டை எல்லாவற்றிலும் மாதிரி எடுத்துச் சோதித்து, "தகுதியானது" என்றோ "தகுதியற்றது" என்றோ எழுதிக் கையெழுத்திடுவது என் வேலை. ஒரு நாள் கீழாநெல்லி மூட்டை ஒன்று கிழிந்து ஸ்டோர் தரையெல்லாம் கொட்டிவிட்டது. கூட்டி அள்ளச் சொல்லி கெம்பக்காவை அனுப்பினார்கள். அவர் ஒரே குவியலாகக் கூட்டாமல் இரண்டு குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, கூட்டச் சொன்னா கோலம் போட்டுனு இருக்கறியா?" என்று முனிராஜ் சத்தம் போட்டார்.

"இது கீழாநெல்லிங்க," என்று ஒரு குவியலைக் காட்டினார் கெம்பக்கா. பிறகு மற்றதைக் காட்டினார். "இது அதோட பங்காளி. ரெண்டும் ஒரே சாக்குல வந்திருக்குதுங்க."

முனிராஜ் என்னைப் பார்த்தார். நான் இரண்டு குவியலிலிருந்தும் ஒரு பிடி எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். அவர் துடைப்பத்தால் பிரித்ததை, மதியச் சாப்பாட்டு நேரம் வரை கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நான் ஒப்புக்கொண்டேன். இரண்டும் ஒரே குடும்பம், வேறு வேறு செடி. அடுத்த மாதத்தில் அவரை இலை பொறுக்கும் மேசைக்கு மாற்றினார்கள். ஏற்கெனவே அங்கே மூன்று பெண்கள் இருந்தார்கள். யாருக்கும் மேலாக அவர் உட்காரவில்லை. மேசையின் கடைசியில், ஜன்னல் பக்கம் இடம் கேட்டு வாங்கிக்கொண்டார். "இங்க காத்து வரும்ங்க. வாசனை கலக்காது," என்று காரணம் சொன்னார்.

வாசனை விஷயத்தில் அவர் கண்டிப்பானவர். காலையில் வந்ததும் முதல் வேலையாக மூட்டைகளை முகர்ந்துவிடுவார். டீ குடித்த பிறகு முகர மாட்டார். என் அப்பா, நாங்கள் அத்தா என்போம், குந்தாரப்பள்ளி சந்தையில் மாட்டுக்கு மூக்கணாங்கயிறும் தும்பும் விற்பவர். நான் முதல் சம்பளம் வாங்கிய மாதம் எனக்கு ஒரு சின்னக் குப்பி அத்தர் வாங்கிக் கொடுத்திருந்தார். அதைப் பூசிக்கொண்டு இரண்டு நாள் மேசைப் பக்கம் போனேன். மூன்றாம் நாள் கெம்பக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்பா நெனைக்காதீங்க மேடம். நீங்க வந்து போனா அரை மணி நேரம் எனக்கு எல்லா இலையும் உங்க வாசமே அடிக்குது," என்றார். அதன் பிறகு அந்த அத்தர் பெருநாளுக்கு மட்டும் என்றாகிவிட்டது.

அவரிடம் நான் மருந்தும் கேட்டிருக்கிறேன். அத்தாவுக்குச் சர்க்கரை நோய். மலையில் ஏதாவது இலை இருக்கிறதா என்று கேட்டேன். என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எத்தனை வருடமாக, காலில் புண் உண்டா என்று நிதானமாக விசாரித்தார். கடைசியில், "மாத்திரையை நிறுத்தாதீங்க. ரெண்டையும் சேத்துக் குடுத்தா என்னா ஆகும்னு எனக்குத் தெரியாது கண்ணு. தெரியாததச் சொல்லக் கூடாது," என்றார். "மேடம்" போய் "கண்ணு" வந்தது அன்றுதான்.

பெங்களூரிலிருந்து விளம்பரம் எடுக்க ஒருவர் காமிராவோடு வந்தார். உங்கள் மக்களின் ரகசிய மருந்து ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டார். "ரகசியமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். உங்களுக்குச் சொல்லணும்னா ஊரைக் கேக்கணும். அது என் ஒருத்தியோடது இல்லியே," என்றார் கெம்பக்கா. ஒரு இலையைக் கையில் பிடித்துச் சிரித்தால் போதும் என்றார் வந்தவர். அதற்கு மறுப்பு இல்லை. சிரித்தார்.

அவர் ஒருபோதும் தவறவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். எழுதினால் அவரே கோபித்துக்கொள்வார். ஒரு முறை வெளிமாநிலத்திலிருந்து நன்னாரி வேர் வந்தது. தடித்த வேர், வாசனை குறைவு. "இது நன்னாரி இல்லீங்க," என்று நிறுத்திவிட்டார். மேனேஜர் அவர் பேச்சை நம்பி, சரக்கை இறக்காமல் லாரியை நிற்க வைத்து, வேறொரு ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி அனுப்பினார். அசல் நன்னாரிதான் என்று அறிக்கை வந்தது. கேண்டீனில் எல்லோரும் கேட்க மேனேஜர், "இனிமே மெஷினுக்குப் பதிலா நம்ம அம்மா மூக்கை வாங்கி மாட்டிக்கலாம்," என்று சொல்லிச் சிரித்தார்.

கெம்பக்கா தட்டை வைத்துவிட்டு எழுந்து அவர் முன்னால் போய் நின்றார். "நான் சொன்னது தப்புங்க. கரிசல் மண்ணுல வெளஞ்ச வேரு போல. எங்க மலையில இருக்கறதுதான் நன்னாரின்னு நெனச்சுட்டன்," என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. அன்று மாலை என்னிடம் வந்து அந்த வேரில் ஒரு பிடி கேட்டு வாங்கினார். ஒரு வாரம் அதை மேசையில் வைத்துக்கொண்டு, காலையில் ஒரு முறை முகர்ந்து பார்த்தார். எட்டாம் நாள், "இப்ப தெரியும்," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இதெல்லாம் முன்கதை. நான் சொல்ல வந்தது சிறுகுறிஞ்சான் மூட்டை வந்த விஷயம்.

சிறுகுறிஞ்சானை எங்கள் பக்கம் சர்க்கரைக்கொல்லி என்றும் சொல்வார்கள். வேலியிலும் காட்டிலும் படரும் கொடி. இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் இனிப்பு தெரியாது, மணலைத் தின்றது போல இருக்கும். அதன் பொடியைச் சர்க்கரை நோயாளிகள் வாங்குவார்கள். எங்கள் தொழிற்சாலையில் அதிகம் விற்றது அதுதான். அந்த ஆண்டு மலையில் மழை பொய்த்துவிட்டது. இலை வரத்து குறைந்து, இயந்திரம் சும்மா நின்றது. ஒரு வழியாக ஏஜெண்டு ஒருவர் லாரி நிறைய மூட்டைகள் கொண்டுவந்து இறக்கினார். மேனேஜர் ஆய்வுக்கூட வாசலிலேயே நின்று அவசரப்படுத்தினார்.

மாதிரி எடுக்க ஒரு முறை உண்டு. மூட்டையின் மேலே, நடுவில், அடியில் என மூன்று இடத்தில் எடுக்க வேண்டும். மூட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. நான் வாயை மட்டும் பிரித்து மேலிருந்தே எடுத்தேன். சோதித்தேன். நல்ல இலை. "தகுதியானது" என்று கையெழுத்திட்டேன். இதை அன்று யாரிடமும் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

மூட்டை இறங்கிய மூன்றாம் நாள் காலையில் கெம்பக்கா ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். அவர் அதற்குள் வருவது அபூர்வம். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து நின்றார்.

"கண்ணு, அந்த இலையை அரைக்க விடாத."

"ரிப்போர்ட் குடுத்தாச்சே அக்கா. நான் பார்த்தேன், நல்லா இருந்ததே."

"மேல நல்லாத்தான் இருக்குது. அடியில வேற கொடி. நஞ்சறுப்பான்னு கீழ்நாட்டுல சொல்லுவாங்களே, அது. காஞ்சுபோனா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். விஷம் தின்னவங்களுக்கு வாந்தி வரவைக்கக் குடுக்கற இலை அது. தெனமும் ஒரு கரண்டி தின்னா ஒடம்பு என்னாத்துக்கு ஆகும்?"

எனக்கு முதலில் வந்தது பயமல்ல, எரிச்சல். என் கையெழுத்து வெளியே போய்விட்டது. நன்னாரி விஷயம் வேறு நினைவுக்கு வந்தது. "நிச்சயமா தெரியுமா அக்கா?" என்று கேட்டேன். கேட்ட தொனி சரியில்லை என்று எனக்கே தெரிந்தது.

"நன்னாரில தப்பு பண்ணவதான் நான். அதனாலதான் நேத்து பூரா பாத்தன்," என்றார் அவர்.

மேனேஜரிடம் போனோம். அவர் கெட்டவர் அல்ல. மறுநாள் பொடி பேக்கிங்குக்குப் போயாக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து போன் மேல் போன் வந்துகொண்டிருந்தது. "அன்னைக்கும் இப்படித்தான் சொன்னீங்க. லாரி மூணு நாள் நின்னுச்சு," என்றார்.

"ஆமாங்க, அன்னைக்குத் தப்பு. இன்னைக்கும் தப்பா இருந்தா என்னைத் திரும்பத் தொடைப்பம் எடுக்கச் சொல்லுங்க, எடுத்துக்கறன். ஆனா இந்த இலையை மெஷின்ல கொட்ட என் கை வராது," என்று சொல்லிவிட்டு, "கேண்டீன்ல இருந்து கொஞ்சம் சர்க்கரை கொண்டுவரச் சொல்லுங்க," என்றார்.

முனிராஜ் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தார். நானே ஸ்டோருக்குப் போய் நான்கு மூட்டைகளைச் சாய்த்து, அடிவரை கைவிட்டு இலை எடுத்து வந்தேன். மேசையில் இரண்டு தாள் விரித்து, மேல் இலை ஒன்றில், அடி இலை ஒன்றில் வைத்தோம். நான் மேல் இலையை எடுக்கப் போனேன். கெம்பக்கா என் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"மொதல்ல அடி இலை. அதத் தின்னு பாத்துட்டு அப்புறம் இது. மாத்திட்டா நாக்கு செத்துப்போயிடும், ஒண்ணும் தெரியாது. சாறை முழுங்காத, துப்பிடு."

அடி இலையில் சிறிது மென்றேன். தொண்டையில் ஒரு காரம். துப்பிவிட்டு வாய் கொப்பளித்துச் சர்க்கரை போட்டுக்கொண்டேன். இனித்தது. மேல் இலையை மென்று துப்பிவிட்டுச் சர்க்கரை போட்டேன். மணல்.

மேனேஜரும் அடி இலையை எடுத்து மென்றார், துப்பினார், சர்க்கரையைப் போட்டுக்கொண்டார், அடுத்து மேல் இலையை மென்றுவிட்டு மறுபடி சர்க்கரையைப் போட்டுப் பார்த்தார். பிறகு, "இந்த இலையை மெஷின்ல கொட்ட வேணாம்னு சொல்லு முனிராஜ்," என்றார். நான் நுண்ணோக்கியில் மறுபடி பார்த்து, என் முதல் அறிக்கை தவறு, மூட்டைகளின் அடியில் மாதிரி எடுக்கப்படவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். பக்கத்தில் நின்ற கெம்பக்கா, படிக்கத் தெரியாதவர், "எல்லாத்தயும் எழுதிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

மேனேஜர் சரக்கை ஏஜெண்டுக்கே திருப்பி அனுப்பலாம் என்றார். அதுதான் வழக்கம். கெம்பக்கா விடவில்லை. "திருப்பிக் குடுத்தா அவன் வேற கம்பெனிக்குக் கொண்டுபோவான். அங்க யாரு அடியில பாக்கறது?" நான் அறிக்கையின் கடைசி வரியாக, "அழிக்கப்பட வேண்டும்" என்று சேர்த்தேன். கலப்படம் இருந்த மூட்டைகளைப் பின்பக்கக் குழியில் கொட்டி, தண்ணீர் விட்டு, மண்ணைப் போட்டு மூடினார்கள். கடைசிக் கூடை மண் விழும் வரை கெம்பக்கா அங்கேயே நின்றார்.

அதற்குப் பிறகுதான் இடுப்பிலிருந்து எதையோ எடுத்து என்னிடம் காட்டினார். மூட்டை வாயைக் கட்டியிருந்த முடிச்சு. கயிறு விற்பவரின் மகள் நான். சந்தையில் விற்கும் எந்தக் கயிறும் அது இல்லை என்று பார்த்ததும் தெரிந்தது. கொடியின் நாரை முறுக்கி, இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியது.

"எங்க ஊர் முடிச்சு," என்றார். "என் தம்பி மாதப்பன் இப்படித்தான் கட்டுவான். மூட்டை எறங்கின அன்னைக்கே பாத்துட்டன். இலை தப்புன்னு நேத்து காலையிலயே தெரிஞ்சுபோச்சு. சொன்னா ஊர்க்காரங்க பொழப்பு போயிடும். ஒரு நாள் வாயை மூடிட்டு இருந்தன் கண்ணு. அந்த ஒரு நாளு என் தப்பு."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய முடியும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போவதாகச் சொன்னார். நானும் வருகிறேன் என்றேன். அஞ்செட்டி வரை பேருந்து, அதற்கு மேல் நடை. வழியெல்லாம் கொடிகள் காய்ந்து வேலியில் தொங்கின. மாதப்பன் வீட்டுக்கு வெளியே பாறையில் உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே எழுந்தவர், அவர் கையில் இருந்த முடிச்சைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தச் சாக்கு உன் கம்பெனிக்கா வந்துச்சு?" என்று கேட்டார்.

"எந்தக் கம்பெனிக்கு வந்தா என்னா?"

"இலை எங்கக்கா இருக்குது? கொடியெல்லாம் காஞ்சு கெடக்குது, வர்ற வழியில பாத்திருப்பியே. சாக்கு நெறையலன்னா வண்டி வராதுன்னுட்டான் ஏஜெண்டு. பொடியாயிட்டா யாருக்குத் தெரியப் போவுதுன்னு அவனே சொன்னான்."

"உனக்குத் தெரியும் இல்ல?"

மாதப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தெரியாம போட்டிருந்தா உக்காந்து சொல்லிட்டுப் போயிருப்பன். நம்ம பெத்தவங்க வாந்திக்குக் குடுக்கற இலை எது, சக்கரைக்குக் குடுக்கற இலை எதுன்னு ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான காமிச்சாங்க," என்றார் கெம்பக்கா. குரலை உயர்த்தவே இல்லை. உள்ளே இருந்து மாதப்பனின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். நாத்தனாரிடம் கொடுக்கவில்லை, கீழே வைத்துவிட்டுப் போனார். கெம்பக்கா அதை எடுத்துக் குடித்தார்.

ஏஜெண்டு அதன்பிறகு அந்த ஊருக்கு வண்டி அனுப்பவில்லை. இரண்டு பருவம் அவர்களிடம் யாரும் இலை வாங்கவில்லை. ஆண்கள் கெலமங்கலம் பக்கம் கல் உடைக்கவும், தக்காளித் தோட்ட வேலைக்கும் இறங்கிப் போனார்கள். ஊரில் யாரும் கெம்பக்காவைத் திட்டவில்லை. கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு நாள் வேலைக்கு வந்தவர் நீல மேலங்கிக்கு உள்ளே புதுச் சேலை கட்டியிருந்தார். என்ன விசேஷம் என்று கேட்டேன். "இன்னைக்கு என் தம்பி பொண்ணுக்குக் கல்யாணம். கூப்பிடல. அதுக்குன்னு அவ எனக்குப் பொண்ணு இல்லாம போயிடுவாளா? இங்க இருந்தே கட்டிக்கிட்டன்," என்றார். அன்று முழுவதும் வழக்கம் போல இலை பொறுக்கினார். பக்கத்துப் பெண்கள் மதியம் பாயசம் மாதிரி ஏதோ வாங்கி வந்து அவருக்குக் கொடுத்தார்கள்.

செய்தது சரிதானா என்று அவரிடம் நான் ஒரு முறை கேட்டேன். "சரிதான். ஆனா வலிக்குது. ரெண்டும் இருக்கும் போல," என்றார்.

மூன்றாம் ஆண்டு மழை பெய்தது. ஒரு நாள் காலை வாசல் செக்யூரிட்டி ஆய்வுக்கூடத்துக்கு போன் செய்து, யாரோ ஒருவர் மூட்டையோடு வந்திருக்கிறார், ஏஜெண்டு இல்லை, பில் இல்லை, கெம்பம்மாளைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்றார். போய்ப் பார்த்தேன். மாதப்பன். பேருந்தின் மேலே ஏற்றிக் கொண்டுவந்த ஒரே ஒரு மூட்டை. வாயில் அதே நார், அதே முடிச்சு.

கெம்பக்கா வந்தார். தம்பியை ஏறிட்டுப் பார்த்தார். "வா" என்று சொல்லவில்லை. முடிச்சை அவிழ்த்து, மூட்டையை மேசையில் முழுவதும் கொட்டச் சொன்னார். மற்ற எந்த மூட்டையையும் எப்படிப் பார்ப்பாரோ அப்படியே பார்த்தார், ஒவ்வொரு இலையாக. மாதப்பன் சுவரோரம் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. சாயங்காலம் வரை ஆனது. கடைசியில் கெம்பக்கா ஒரு கைப்பிடி இலையை ஒதுக்கி வைத்திருந்தார். பழுத்தவை, பூச்சி அரித்தவை, நடுவே வேறு கொடியின் இலை இரண்டு.

"அது தெரியாம வந்தது," என்றார் மாதப்பன்.

"தெரியாம வந்தாலும் எடுத்துடணும்."

"எடுத்துடு," என்றார் அவர். அப்போதுதான் உட்கார்ந்தார். கெம்பக்கா கேண்டீனுக்குப் போய் இரண்டு டீ வாங்கி வந்து, ஒன்றைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் தங்கள் பேச்சில் ஏதோ பேசிக்கொண்டார்கள். எனக்குப் பாதிதான் புரிந்தது. கல்யாணத்தைப் பற்றியது என்று மட்டும் தெரிந்தது. நான் மேலே, நடுவே, அடியில் என்று மாதிரி எடுத்துச் சோதித்து எழுதிக் கொடுத்தேன். அன்று முதல் அந்த ஊர் இலையை ஏஜெண்டு இல்லாமல் நேரடியாக வாங்க மேனேஜர் ஒப்புக்கொண்டார். அது சுலபமாக நடக்கவில்லை. நிறையக் காகிதம், நிறைய அலைச்சல். ஆனால் நடந்தது.

கெம்பக்கா வேலையை விட்ட விதத்தையும் சொல்ல வேண்டும். ஊரெல்லாம் பரவிய காய்ச்சல் அவருக்கும் வந்து போனது. பிழைத்து மேசைக்குத் திரும்பினார். நான்காம் நாள் மேனேஜரிடம் போய், "எனக்கு மூக்கு போயிடுச்சுங்க. ஒரு வாசனையும் தெரியல. நான் மேசையில உக்காரக் கூடாது," என்றார். கொஞ்ச நாளில் திரும்பிவிடும், சும்மா உட்கார்ந்திருங்கள் என்றார் மேனேஜர். கெம்பக்கா தானாகச் சொல்லாமல் இருந்திருந்தால் எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. "நான் அங்க உக்காந்திருந்தா, பாத்துட்டுத்தான் விட்டாங்கன்னு எல்லாரும் நெனச்சுப்பாங்களே," என்று சொல்லிவிட்டு, அந்த வாரமே மேலங்கியைத் துவைத்து மடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஆண்டு எனக்கும் கல்லூரியில் வேலை கிடைத்தது.

அவரைக் கடைசியாகப் பார்த்தது நான்கு மாதங்களுக்கு முன்பு, சிவம்மாவின் வாடகை வீட்டில். மூக்கு பாதி திரும்பிவிட்டது என்றார். "மழை வர்றது தெரியுது. பக்கத்து வீட்டு மீன் கொழம்பு தெரியுது. இலை தெரியல." வருத்தமாகச் சொல்லவில்லை, வெயில் அதிகம் என்று சொல்வது போலச் சொன்னார். அத்தா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டார். சாப்பிடாமல் அனுப்ப மாட்டேன் என்று ராகிக் களி போட்டார்.

வியாழக்கிழமை மதியம் முனிராஜும் நானும் மலையேறினோம். மேசைப் பெண்கள் மூவரும் எங்களுக்கு முன்பே வந்திருந்தார்கள். மேனேஜர் நின்று வணங்கிவிட்டு, ஓரமாகப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊருக்கு மேலே, சரிவில் குழி தோண்டியிருந்தார்கள். சிவம்மா அழுது ஓய்ந்து என் தோளில் சாய்ந்திருந்தாள். மண் போட்டு மூடிய பிறகு, மாதப்பன் பக்கத்துப் புதரிலிருந்து தழையாக ஒடித்து வந்து, மேட்டின் மேல் நெருக்கமாகப் பரப்பத் தொடங்கினார். அகலமான பச்சை இலை, நான் அறியாத செடி. எத்தனையோ ஆண்டு இலைகளோடு இருந்தவள் நான், கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இது என்ன இலைங்க? எதுக்கு மருந்து?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மருந்தெல்லாம் இல்லீங்க மேடம். மண்ணு புதுசா இருக்குது. அக்காவுக்கு வெயில் படக் கூடாது, அதான்."

நானும் குனிந்து ஒரு தழையை எடுத்து வைத்தேன். முனிராஜ் வைத்தார், பெண்கள் வைத்தார்கள். மேடு முழுவதும் பச்சையாக மூடியது. நிழலாகவே இருக்கட்டும், கெம்பக்கா. நாங்கள் இறங்குகிறோம்.